ஈசானி மூலை

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எப்போது சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று குறித்து வைக்க வேண்டுமாம். மில்லில் இவருக்குக் கொடுத்த பழைய டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் படுக்கையில் இடப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான். மின்விசிறி, சன்னல், துணிக்கொடி எல்லாம் ஒரே திசையில் ஓட ஆரம்பித்தன. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "ஏனுங்க, வீடு போகுதுங்க" என்று கத்தினேன். இவர் துள்ளி எழுந்து முதலில் சுவரைத்தான் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். தூக்கக் கலக்கம் பாவம்.

காதுக்குள் பொடிப்பொடியாகக் கல் இருக்குமாம். அது இடம் மாறிவிட்டால் இப்படிச் சுற்றுமாம். இத்தனை வயதுக்கு என் காதுக்குள் கல் இருப்பது எனக்கே தெரியாது. இட்லி அரிசியில் ஒரு கல் விட்டிருப்பேனா நான்? டாக்டரம்மா என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, இடப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "கண்ணு எப்படித் துள்ளுது பாருங்க" என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி, உடம்பையும் உருட்டி, மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். கல்லை அதன் இடத்துக்கு அனுப்புகிற வித்தையாம். அவர் மேசைமேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். மானம் போயிற்று.

வீட்டிலும் காலை மாலை இதே பயிற்சியைச் செய்ய வேண்டும். வெடுக்கென்று எழக் கூடாது. குனியக் கூடாது. முக்காலிமேல் ஏறக் கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

காலைப் பயிற்சி: சுற்றியது. அரை நிமிடம் இருக்கும். வாந்தி இல்லை.

குனியாமல் இந்த வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று டாக்டரம்மாவுக்கு யார் சொல்வது. கோலம் இவர் போட்டார். எதிர்வீட்டு ஜோதிமணி வந்து, "ஏனுங்கக்கா, கோழி கீழி கெளறிருச்சா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. பயிற்சியின்போது கொஞ்சமாகச் சுற்றியது. எண்ணி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. நல்லது.

நிலைவாசலில் வைப்பதற்காகத் தட்டில் எலுமிச்சம்பழம் எடுத்து வந்தேன். ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. விழுந்த பழம் நிற்கவில்லை. கூடத்தின் நடுவே உருண்டு போய், சமையலறையைத் தாண்டி, பின்னறைக்குள் நுழைந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்த ஆள் போவதுபோல் போயிற்று. பின்னால் போய்ப் பார்த்தேன். பின்னறையின் ஈசானி மூலையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. எடுத்து வந்து மறுபடியும் கூடத்தில் வைத்தேன். மறுபடியும் அங்கேயே போயிற்று.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டைல்ஸு வழுக்கும் புள்ள."

"வழுக்கறதுன்னா நாலு பக்கமும் வழுக்கோணுமல்லங்க?"

"ஈசானி மூலை சித்த தாழ்ந்து இருக்கறது நல்லதுதான். வாஸ்துக்காரரே சொன்னாரு. லட்சுமி அங்கதான் போய் உக்காருவா."

வடகிழக்கு மூலையில் நீர் இருக்க வேண்டும் என்று அந்த வாஸ்துக்காரர் சொல்லித்தான், பின்னறைச் சுவருக்கு வெளியே நிலத்தொட்டியும் தோண்டினார் இவர். இந்த வீட்டில் வாஸ்து மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுபடியும் டாக்டரம்மா. தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "கண்ணு துள்ளவே இல்லீங்கம்மா. கல்லு எடத்துக்குப் போயிருச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"படுத்தா எந்திரிச்சா ஒண்ணுமில்லீங்க. ஆனா வீட்டுக்குள்ள நடந்தா தரை சரியறாப்பல இருக்குது. அதுலயும் பின்ரூமுக்குப் போனா, முதுகுல யாரோ கை வெச்சு மெல்லத் தள்றாப்பல இருக்குதுங்க."

"வெளிய நடந்தா?"

"வெளிய இல்லீங்க."

டாக்டரம்மா இவரைப் பார்த்தார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். பயம் சில பேருக்குக் கொஞ்ச நாள் தங்குமாம், போகப் போகச் சரியாகுமாம். என்னை ஆயா எடை பார்க்கக் கூட்டிப் போனாள். சீட்டு எழுதி வாங்கியதும் மருந்துக் கடைக்குப் போனதும் இவர்தான். மூன்று மாதத்துக்கு மாத்திரையாம். மஞ்சள் நிறத்தில் குட்டியாக இருக்கிறது. கல் இடத்துக்குப் போய்விட்டால் மாத்திரை எதற்கு என்று கேட்டேன். "திரும்பி வந்துரக் கூடாதல்ல" என்றார்.

ஒரு நாளும் இல்லாத திருநாளாக அவரே தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்கிறார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு வாய் காப்பி போட்டுத் தந்ததில்லை இந்த மனிதன். வயதானால் புத்தி வரும் என்பது சரிதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாள் முழுக்க மந்தமாக இருக்கிறது. நடந்தால் தள்ளாடுகிறது. காது சரியாகிவிட்டது என்றார்களே, பிறகு இது என்ன?

இவர் பின்னறையை மகளுக்காகத் தயார் செய்கிறார். எங்கள் தாரணிக்கு இது தலைப்பிரசவம். கட்டுச்சோறு கட்டிப் போய் அழைத்து வந்ததும் அவள் படுக்கப் போவது அந்த அறையில்தான். வீடு கட்டும்போதே இவர் அதை நினைத்துத்தான் கட்டினார். அப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சுகூட எடுக்கவில்லை. அதற்குள் மேல்தளத்தில் தொட்டில் கொக்கி போடச் சொல்லி கொத்தனாரிடம் நின்றார். கொத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

கதவு மழை ஈரத்தில் உப்பிவிட்டதாம், இழைத்தார். கட்டில் கால் இரண்டுக்கு மரக்கட்டை வைத்தார். என் தலைமாட்டை உயர்த்துவதற்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது தாரணியின் கட்டில். மூலைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துவிட்டு, இரும்புப் பீரோவைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை சிமெண்ட். "வெள்ளையடிக்கப் போறேன் புள்ள" என்றார். மழைக்காலத்தில் யாராவது வெள்ளையடிப்பார்களா? மகள்மேல் அவ்வளவு ஆசை.

செப்டம்பர் 8, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொள்ளாச்சியில் தாரணி வீட்டில் இருந்தோம். மாத்திரையை எடுத்துப் போக மறந்துவிட்டேன். இவர் அதற்காகப் பதறிப் போனார். ஆனால் ஒரு சுற்றலும் இல்லை. கொல்லையில் தேங்காய்கூடப் பொறுக்கினேன். பொள்ளாச்சிக் காற்று நல்ல காற்று.

மாப்பிள்ளை எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். தாரணி அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் சாஞ்சு நிக்கறீங்க?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். பின்னால் இருக்கிற தூண் நேராக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறோம். சொல்லி வைத்ததுபோல் ஒரே அளவு.

"உங்கம்மா சாஞ்சா தாங்கோணுமல்ல, அதான் நானும் சாஞ்சேன்" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மத்தியானம் பின்னறையில் மடித்த துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். தரைக்கு அடியில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. வாயில் தண்ணீர் வைத்துக் கொப்புளிக்கிற மாதிரி இருந்தது. காதைத் தரையில் வைத்துக் கேட்கலாம் என்றால் குனியக் கூடாதே. அப்படியே நின்றேன். சத்தமும் நின்றது. நான் திரும்பியதும் தவளை கத்தியது. வெளியில் இல்லை, சுவருக்குள்.

இந்த மனை வாங்கும்போதே என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், அது எருமை முங்குன குட்டைங்க. மண்ணைக் கொட்டி மூடிட்டா மட்டும் குட்டை போயிருமா?" என்றான். அந்த வார்த்தைக்காக இவர் அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை.

ஜோதிமணி வாசலில் நிறுத்திக் கேட்டாள். "ஏனுங்கக்கா, வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. உங்க வீட்டு ஐயன் தொட்டிக்குத் தண்ணி விட்டுட்டே இருக்கறாரு, எங்கதான் போகுது அத்தனை தண்ணியும்?"

இவரிடம் சொன்னேன். தண்ணீர் சத்தத்தையும் சொன்னேன். "காதுல கல்லுன்னா இரைச்சலும் கேக்கும் புள்ள" என்று மாத்திரையை நீட்டினார்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி சனி, விரதம். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இவர் காய் வாங்கப் போயிருந்தார். நர்ஸ் பெண் எடுத்தாள்.

"எந்த மாத்திரைங்கம்மா?"

மஞ்சள் மாத்திரை என்று சொல்லி, அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அது அஞ்சு நாளைக்குத்தானுங்களே குடுத்தோம்! அதுக்கு மேல வேண்டவே வேண்டாம்னு டாக்டர் உங்க வீட்டுக்காரர்கிட்டத் தெளிவாச் சொன்னாங்களே. நானும்தான் பக்கத்துல நின்னேன். அதையே நாள் கணக்காச் சாப்பிட்டீங்கன்னா அதுவே மந்தமாக்கித் தள்ளாட வெச்சிருமுங்கம்மா."

வைத்துவிட்டேன். அந்தப் பெண் வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருக்கும். தினம் எத்தனை பேரைப் பார்க்கிறாள். இவருக்கும் காது அவ்வளவாகக் கேட்காது, மூன்று மாதம் என்று காதில் விழுந்திருக்கும்.

இன்றைய மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இவர் போனதும் துளசிச் செடியில் துப்பினேன்.

அக்டோபர் 4, சனி

மந்தம் இல்லை. தள்ளாட்டம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசலில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். ஜோதிமணி பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பாள்.

வாசலில் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் தரை சரிகிறது.

தினமும் இவர் மாத்திரை தரும்போது வாயைத் திறந்து காட்டுகிறேன். "நல்ல புள்ள" என்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

தொட்டில் கட்டிப் பார்த்தேன். தாரணி பிறந்தபோது கட்டிய அதே சேலை. கொக்கி தாங்குமா என்று பார்ப்பதற்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. இவர் மழைக்கு முன் மின்கட்டணம் கட்டிவிட்டு வருவதாகக் கிளம்பியிருந்தார். முக்காலி போட்டு ஏறினேன். தலை கல்லாட்டம் நின்றது. பிள்ளைக்குப் பதிலாகத் துணியில் சுற்றிய தேங்காய்களைப் போட்டேன்.

ஆடி நின்ற பிறகு பார்த்தால், தொட்டில் சாய்ந்து தொங்கியது. மேலே கொக்கி இருப்பது அறையின் நடுவில். கீழே தொட்டில் நடுவில் இல்லை. மூலைப் பக்கம் ஒதுங்கிப் போய் நின்றது. பிடித்து நடுவுக்குக் கொண்டு வந்து விட்டேன். மெல்ல, தானாக, அந்த மூலைக்கே போய் நின்றது. பாரம் கட்டித் தொங்குகிற எதுவும் நேராகத்தான் தொங்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் சாய்ந்திருப்பது எது?

என் காதுக்குள் கல் இடம் மாறலாம். தொட்டிலுக்குக் காது ஏது?

வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றே இல்லை. தொட்டில் அந்த மூலையை எட்டிப் பார்ப்பதுபோல் தொங்கியது. அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை, காலையிலும் விடவில்லை. பின்னறையில் சீப்பு பீரோவுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எடுப்பதற்காகக் கையை விட்டேன்.

போன மாதம் பீரோ சுவரோடு ஒட்டி இருந்தது. இப்போது என் கை தாராளமாகப் போயிற்று. சுவரில் காகிதம் தட்டுப்பட்டது. இழுத்தேன். சுருட்டிச் சுருட்டித் திணித்த செய்தித்தாள், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. மேலே வெள்ளை சிமெண்ட் பூசி, அதுவும் பிளந்துவிட்டிருந்தது. காகிதம் வந்த இடத்தில் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போயிற்று. அங்கே சுவர் இல்லை. ஈரக் காற்று இருந்தது, குட்டை நாற்றம் இருந்தது. விரல்மேல் குளிர்ச்சியாக ஏதோ ஏறி, மணிக்கட்டு வரை வந்து, குதித்துப் போயிற்று. தவளை என்றுதான் நினைக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். இவர் வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, பீரோவுக்குப் பின்னால சுவரு..."

"மாத்திரை போட்டயா?"

"சுவத்துல என்ற கை முழுசாப் போகுதுங்க."

"சாந்தா. மாத்திரை போட்டயா?"

குரலை உயர்த்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. மாத்திரையும் தண்ணீருமாக என் முன்னால் நின்றுகொண்டே இருந்தார், நான் வாயைத் திறக்கும் வரைக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் முதன்முதலாக இவரைப் பார்த்துப் பயந்தேன்.

வாய்க்குள் வாங்கிக்கொண்டேன். துளசி வாட ஆரம்பித்திருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

தாரணிக்குப் போன் செய்தேன். "கண்ணு, இங்க வர வேண்டாம் சாமி. பின்ரூம் சரியில்ல. அங்கயே இரு, நான் வந்து பாத்துக்கறேன்."

தாரணி விசும்பினாள்.

"அம்மா, அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. உனக்கு வீடு சாயறாப்பலயே இருக்குதாமா. சுவத்துல ஓட்டை இருக்குதுன்னு சொல்றயாமா. மருந்து ஒழுங்காச் சாப்பிடு. என்ற பிரசவத்துக்கு நீ நல்லா இருக்கோணும், எனக்கு அது போதும்."

என்ன சொன்னாலும் எனக்கு முன்னால் இவர் போய் நிற்கிறார். தலை சுற்றுகிறவள் பேச்சு தரையில் நிற்காது.

என் மகள் அந்த மூலையில் படுப்பாள். பச்சைப் பிள்ளை அந்தக் கொக்கியில் தொங்கும். அடியில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருக்கும். இதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி போயிற்று. முறுக்கு சுடவில்லை. மழை.

ஞாயிறு கட்டுச்சோறு. போய் மகளை அழைத்து வர வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து புளிசோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று எல்லாம் செய்தேன். சமையலில் குறை வைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அது ஒன்றுதான் நேற்று நான் உண்மையாகச் செய்த காரியம். கட்டிக்கொண்டு வேனில் பொள்ளாச்சி போனோம். சம்பந்தி வீட்டில் ஒறம்பரைச் சனம் நிறைந்து கிடந்தது. தாரணியை மணையில் உட்கார வைத்தார்கள். இரண்டு கையிலும் வளையல், முகத்தில் அப்படி ஒரு களை. வழக்கப்படி பெற்றவள் முதல் கவளம் தர வேண்டும். தட்டோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

எப்படி விழுவது என்று எனக்குத் தெரியும். எத்தனை முறை நிஜமாக விழப் பார்த்தவள். முதலில் பார்வை ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் இடது கை காற்றைப் பிடிக்கும். அப்புறம் கால். அந்த வரிசையிலேயே செய்தேன். தட்டு கவிழ்ந்து ஐந்து வகைச் சோறும் சாணி மெழுகிய வாசலில் கொட்டியது. நான் அதன்மேலேயே விழுந்தேன். பெண்கள் கூவினார்கள். கட்டுச்சோறு மண்ணில் விழுந்தால் எவ்வளவு அபசகுனம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டேன்.

சம்பந்தி சுலோச்சனா என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்களாலயே நிக்க முடியல. நீங்க எப்படிப் பிள்ளைப்பேறு பாப்பீங்க? என்ற மருமகளை நான் அனுப்ப மாட்டேனுங்க."

யாரோ ஒருத்தி, "பெத்தவ இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றாள். காதில் விழுந்தது. விழட்டும். தாரணி மணையில் உட்கார்ந்தபடியே அழுதாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

என் தலை சுற்றவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் ஒருத்தர்தான். காலையில் கிளம்பும்போதுதான் துளசி அடியில் மஞ்சள் மாத்திரைகள் கிடந்ததைப் பார்த்துவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "நடிக்கறா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே. குனிந்து, கொட்டிய சோற்றைத் தட்டில் அள்ள ஆரம்பித்தார்.

வெறும் வேனில் திரும்பி வந்தோம். இறங்கும்போது, "மாத்திரை வேணுமா?" என்று மட்டும் நான் கேட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

இவர் பின்னறையில் படுக்கிறார். மகளுக்குக் கட்டிய அறையை யாராவது ஒருத்தர் அனுபவிக்க வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன். "என்ற வீடு நேரா நிக்குது" என்றார். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருகிறார். வரும்போது கதவு நிலையில் தோள் இடிக்கிறது. அவருக்கே தெரியாமல் சாய்ந்துதான் நடக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

ஜோதிமணி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய் மத்தியானம் சோறு உண்டுவிட்டு இவர் உள்ளே படுத்திருந்தார். நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. திடீரென்று தவளைச் சத்தம் மொத்தமும் நின்றது. அந்தச் சத்தம் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. முறத்தில் இருந்த கீரைத் தண்டு ஒன்று தானாக உருண்டது.

வீடு விழப்போகுது வாங்க என்றால் வர மாட்டார். அது எனக்குத் தெரியும். அதனால் கத்தினேன். "ஏனுங்க! தலை சுத்துதுங்க! வந்து புடிங்க!"

ஓடி வந்தார்.

பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர். இருந்தும் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடி வந்து இரண்டு கையாலும் என்னைப் பிடித்தார். பிடித்தபடி நிற்கும்போதே பின்னால் அறை போயிற்று. பெரிய சத்தம் இல்லை. பெருமூச்சு விட்டதுபோல் ஒன்று, அவ்வளவுதான். மூலை முதலில் இறங்கியது. பீரோ நின்றபடியே தரைக்குள் போயிற்று. அப்புறம் கட்டில். அந்த இடத்தில் சேறும், சேற்றின்மேல் பழுப்புத் தண்ணீரும் மினுங்கின. மேல்தளத்தில் மிச்சமிருந்த துண்டில் அந்தக் கொக்கி மட்டும் தொங்கியது.

இவர் என்னை விடவே இல்லை. "சுத்துதா? இன்னும் சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க. நின்னுருச்சு" என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பேத்தி பிறந்து ஆறு நாள் ஆகிறது. சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். தினமும் போய்ப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால் பார்ப்பதோடு சரி. "தூக்க வேண்டாங்க சம்பந்தி, சுத்திருச்சுன்னா?" என்கிறார் சுலோச்சனா. தாரணியும் தலையை ஆட்டுகிறாள். பிள்ளையை எல்லார் கையும் மாற்றி மாற்றி வாங்கும். என்னைத் தாண்டிப் போகும். பால் வாசம் மட்டும் எனக்கு.

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லலாம். சொன்னால் சோற்றை வேண்டுமென்றே கொட்டியது தெரியும், அப்புறம் மாத்திரைக் கதையும் வரும். மகள் தகப்பனை எந்த முகத்தோடு பார்ப்பாள்? அறை இடிந்ததற்கு மழைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ராத்திரி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் சிரிப்பார்கள்.

இன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். தாரணி கையில் பிள்ளை. இவர் எழுந்து போய் அவளிடமிருந்து பிள்ளையை வாங்கினார். பழக்கமில்லாத கை, பயந்து பயந்து பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மாமா, வேண்டாங்க" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"அவளுக்குத் தலை சுத்தலீங்க மாப்ள. ஆவணியிலயே நின்னுபோச்சு. வீடுதான் சரிஞ்சுது. எனக்கு மொதல்லயே தெரியும். வேண்டாத மாத்திரையைக் குடுத்து அவளைச் சுத்த வெச்சது நான்தான்."

தாரணி தகப்பனைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. இவர் குனிந்து பிள்ளையை என் மடியில் வைத்தார். தலை என் இடது கையில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சூடு பட்டதும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பிள்ளை அசையவே இல்லை.

இவர் போய்ச் சுவரோரமாக நின்றார். அந்த வீட்டுத் தரை சமமான தரை. முதல் நாளே எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்துவிட்டேன், வைத்த இடத்திலேயே நின்றது. இருந்தும் இவர் சாய்ந்திருந்தார். பழைய மூலை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமாக.

"நேரா நில்லுங்க" என்றேன்.

"நேராத்தான் புள்ள நிக்கறேன்" என்றார்.